பேராயர் கால்படாத மூலை

ஹார்ட்கோம் ஊரில் செத்தவர்கள் போக இரண்டு வாசல் உண்டு. மேல்வாசல் திருச்சபைக் கோயிலைச் சேர்ந்தவர்களுக்கு. கீழ்வாசல் பாப்திஸ்து கூடத்தாருக்கும், மெதடிஸ்துகளுக்கும், எதிலும் சேராமல் குடித்தே காலத்தை ஓட்டியவர்களுக்கும். கல்லறைத் தோட்டத்துக்கு நிலம் வாங்கியபோதே கல்லறை வாரியத்தார் அதைப் பாதிக்குப் பாதி பிரித்து, நடுவில் ஆறடி அகலத்தில் சரளைப் பாதை போட்டு, ஓரத்தில் எல்லைக்கல்லும் நட்டுவிட்டார்கள். மேல்பக்கம் ஒரு சிற்றாலயம், கீழ்ப்பக்கம் ஒரு சிற்றாலயம். ஒன்றின் கூரை மற்றதைவிட அரையடி உயரம் என்று யாரோ அளந்து சொல்ல, அதற்காக ஏழு மாதம் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்த ஊர் அது. குழி வெட்ட மட்டும் ஒரே ஆள். இரண்டு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதா என்ற பேச்சு எழுந்தபோது, அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். கிறிஸ்தவ ஒற்றுமையை ஹார்ட்கோம் அந்த ஒரு நாள்தான் கண்டது.

அந்த ஒரே ஆள் ரூபன் ஹக்கர். அதற்குமுன் கிணறு வெட்டிக்கொண்டிருந்தவர். தோளும் கையும் பெரிது, பேச்சு குறைவு. வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

கோயில்காரர்களின் சவ ஊர்வலம் என்றால் கணுக்கால்வரை தொங்கும் கறுப்பு அங்கி போட்டு, வெள்ளிப்பூண் பிடித்த கோலை ஏந்தி அவர் முன்னால் நடக்க வேண்டும். கூடத்தார் ஊர்வலத்தில் அங்கியும் ஆகாது, கோலும் ஆகாது. அதெல்லாம் ரோமாபுரிக் கத்தோலிக்க வேஷம் என்பார்கள். சாதாரணக் கோட்டும் பழைய தொப்பியும் போதும். ஒரே நாளில் இரண்டும் வந்தால் மண்வெட்டி வைக்கும் கொட்டகைக்குள் போய் மாற்றிக்கொள்வார். ஒருமுறை அவசரத்தில் கோலோடு கீழ்ப்பக்கம் வந்து நின்றுவிட்டார். செத்தவரின் மகன்கள் ஒன்றும் சொல்லவில்லை. கூடத்து மூப்பர்கள் மூன்று பேர்தான் வாரியத்துக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதினார்கள். அதில் மனந்திரும்புதல் என்ற சொல் ஐந்து தடவை வந்தது.

ரூபன் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற ஆள் இல்லை. அவர் நம்பினார். பேராயர் நடந்து ஆசீர்வதித்த மண்ணில், கிழக்கே முகம் பார்க்கப் படுத்தவனைக் கடைசி நாளின் எக்காளம் தப்பாமல் எழுப்பிவிடும் என்று சின்ன வயதில் யார் சொன்னார்களோ, அது அவருக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. ஆசீர்வதிக்காத மண்ணில் கிடப்பவர்கள் எழமாட்டார்கள் என்று அவர் சொன்னதில்லை. எழுவார்கள் என்றும் சொன்னதில்லை. கீழ்ப்பக்கம் குழி வெட்டும்போது மட்டும் மேல்பக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக வெட்டுவார், ஓரத்தைக் கொஞ்சம் நேராகச் சீவுவார். பாவம், இவர்களுக்கு வேறென்ன இருக்கிறது என்று ஓர் இரக்கம்.

இத்தனைக்கும் அவர் மனைவி கெசாயா கீழ்ப்பக்கத்து ஆள். அவள் அப்பா கூடத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனும் மனைவியும் கைகோத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவார்கள். குதிரைச் சேணம் தைக்கும் கடை முக்கு வந்ததும் அவள் இடப்பக்கம் திரும்புவாள், அவர் வலப்பக்கம் திரும்புவார். ஆராதனை முடிந்து முதலில் வருகிறவர் அதே முக்கில் காத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எப்போதும் காத்திருந்தது ரூபன்தான். கூடத்துப் பிரசங்கி ஏனோக் டிரெட்ஜ் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து யாரையும் வெளியே விட்டதில்லை.

"உங்க ஐயா இருவது நிமிஷத்துல பரலோகத்துக்கு அனுப்பிடுறாரு. எங்க ஆளு எங்கள நடக்கவெச்சே கூட்டிட்டுப் போறாரு" என்பாள் கெசாயா, குளிரில் சிவந்த அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டே.

ஆசீர்வதித்த மண் என்ற பேச்செடுத்தால் அவளுக்கு இளக்காரம். அவள் அதற்கு வைத்திருந்த பெயர் மந்திரித்த மண். மண்ணுக்கு ஜெபம் சொன்னால் அது திரும்பி ஆமென் சொல்லுமா என்று கேட்பாள்.  ரூபன் ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் மென்றுகொண்டு தலையை ஆட்டுவார். சண்டை வந்ததில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. ஒருவருக்கு மற்றவர்தான் பேச்சுத்துணை. அதைக் கெடுத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

இனி அந்த மூலைக்கு வருவோம். தோட்டம் திறந்த வருஷம், ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு, நவம்பர் மாதத்தில் மேல்பக்கத்தை ஆசீர்வதிக்கப் பேராயர் வந்தார். வேதாகமத்துச் சங்கீதம் வாசித்தபடி அவர் எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும். அவர் நடந்து வளைத்ததற்கு உள்ளே இருப்பதெல்லாம் புனித மண். முந்தின மூன்று நாளும் விடாத மழை. பேராயருக்கு எழுபத்தொன்பது வயது, காலில் வாதம், முழங்கால்வரை பட்டுக் காலுறை. அங்கியும் கோலுமாக ரூபன் முன்னால் வழிகாட்டிப் போனார். பின்னால் பேராயர், அவருக்குக் குடை பிடித்தபடி அப்போதிருந்த குருவானவர், அதற்கும் பின்னால் ஊரின் கனவான்கள். நனைய விருப்பமில்லாத கனவான்கள் பாதி வழியிலேயே சிற்றாலயத்துக்குள் ஒதுங்கிக்கொண்டு, அங்கிருந்தபடியே பக்தியோடு பார்த்தார்கள்.

தெற்கு மூலையில், சரளைப் பாதையை ஒட்டி, ஓர் ஊற்று இருந்தது. முழங்காலளவு சேறு. எல்லைக்கு அடித்த மரமுளை அந்தச் சேற்றுக்கு அப்பால் நின்றது. அங்கே இருந்த ஓக் மரத்தடிக்கு வந்ததும் பேராயர் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. சேற்றைப் பார்த்தார், ரூபனைப் பார்த்தார்.

"இப்படித் திரும்பணுமாப்பா?" என்று மரத்துக்கு இந்தப் பக்கமாகவே கையைக் காட்டினார்.

திரும்பக் கூடாது. முளை அடித்ததே ரூபன்தான், அவருக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் கிழவரின் கால்கள் வெடவெடவென்று நடுங்குவதை அவர் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"ஆமாங்க ஆண்டகை. இப்படித்தான்."

அந்த ஒரு சொல்லில், அறுபதடிக்கு நாற்பதடி, முக்கோணமாக ஒரு துண்டு வளைவுக்கு வெளியே நின்றுபோனது. பேராயரின் முத்திரை பதித்த தோல்சுருளில் அது மேல்பக்கம். வாரியத்தின் வரைபடத்திலும் மேல்பக்கம். ஆனால் பேராயர் கால்படவில்லை. குடை பிடித்த குருவானவருக்குக் குடையைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவரும் இரண்டு வருஷத்தில் செத்து மேல்பக்கம் வந்து சேர்ந்துவிட்டார்.

அன்று மாலை ரூபன் விஷயத்தைக் கெசாயாவிடம் சொன்னார். அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். அவருடைய கையைப் பிடித்து, தன் வாயிலிருந்து இது வெளியே போகாது என்றாள். அது சின்ன வாக்கு இல்லை. இப்படி ஒரு செய்தி கிடைத்தால் டிரெட்ஜ் ஒரு வருஷத்துக்குப் பிரசங்கம் செய்வார். கோயில்காரர்கள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. கூடத்தில் அவள் மதிப்பு எங்கேயோ உயர்ந்திருக்கும். பத்தொன்பது வருஷம், சாகும்வரை, அவள் வாயே திறக்கவில்லை.

பிறகு ஊற்றுநீரைக் கல்வாய்க்கால் கட்டித் திருப்பிவிட்டார்கள். சேறு வற்றியது. மேல்பக்கத்திலேயே அழகான இடம் அந்த மூலைதான் என்று அப்போது எல்லோருக்கும் கண்ணில் பட்டது. பள்ளத்தாக்கும் ஆறும் கம்பளி ஆலையும் அங்கிருந்து தெரியும். செத்தவர்களுக்கு எதற்கு வேடிக்கை என்று யாரும் கேட்கவில்லை. பணமுள்ள குடும்பங்கள் போட்டி போட்டு இடம் எழுதிக்கொண்டன. ஆலை முதலாளி ஹானம் அங்கேதான் போனார். அவர் தலைமாட்டில் சலவைக்கல் தேவதை ஒன்று, ஆளைவிடப் பெரிதாக. மிஸஸ் ஹானம் வாராவாரம் வருவாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேலைக்காரப் பெண் பின்னால் வருவாள். கணவன் செத்து எட்டு வருஷம் ஆகியும் மிஸஸ் ஹானத்தின் கறுப்புத் துணியில் ஒரு நூல் வெளுக்கவில்லை. ஊரில் மற்ற விதவைகள் ஒரு வருஷத்தில் சாம்பல்நிறத்துக்கு மாறினால் அவள் வணக்கம் சொல்லமாட்டாள்.

ஒவ்வொரு தடவை அந்த மூலையில் குழி வெட்டும்போதும் ரூபனுக்கு ஒரே நினைப்புதான். இவர்கள் எல்லோரும் புனித மண் என்று நம்பி வந்து படுக்கிறார்கள், நம்மால் ஏமாந்து கிடக்கிறார்கள் என்று தோன்றும். வாயைத் திறந்து சொல்லவும் பயம். வேலை முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பரமண்டல ஜெபத்தைச் சொல்லியபடி அந்த முக்கோணத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பேராயர் செய்ய வேண்டியதைக் குழிவெட்டி செய்தால் செல்லாது என்று அவருக்கே தெரியும். ஒன்றுமில்லாததற்கு அதுவாவது இருக்கட்டும் என்று நினைத்தார்.

"பேராயருக்கு அரண்மனை இருக்கு, கோச்சு வண்டி இருக்கு" என்று கெசாயா கிண்டல் செய்வாள். "அவரு வேலையையும் நீங்களே பாக்கறதுன்னா ஒரு குதிரையாவது கேட்டு வாங்குங்க."

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு ஜனவரியில் கெசாயாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இரண்டு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். ரூபனுக்கு அப்போதுதான் அந்தப் பயம் முழுசாக வந்தது. ஊரான் வீட்டுப் பிணங்களுக்காகப் பத்தொன்பது வருஷம் கவலைப்பட்டவர், தன் மனைவி எந்த மண்ணில் படுப்பாள் என்று அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. கீழ்ப்பக்கம் படுத்தவள் எழாமல் போனால்? எக்காளம் ஊதும்போது தான் மட்டும் எழுந்து நின்று, பாதைக்கு அந்தப் பக்கம் அசைவில்லாமல் கிடக்கும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வந்தால்?

அவளுக்குத் தெரியாமல் டிரெட்ஜைப் போய்ப் பார்த்தார். பிரசங்கி நல்லபடியாகத்தான் பேசினார். மண் எல்லாம் ஒன்றுதான், கர்த்தர் கடலில் செத்தவனைக்கூட எழுப்புவார், பேராயரின் ஜெபத்தால் மண்ணில் ஒரு புழுகூட மாறிவிடாது என்றார். ரூபனுக்குச் சந்தோஷம். மண் எல்லாம் ஒன்று என்றால் கெசாயாவை மேல்பக்கம் தன்னோடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். டிரெட்ஜின் முகம் சுண்டிப்போனது. அந்த அசுத்தத்திலா என்று கேட்டு எழுந்து நின்றார். ஒன்றும் மாறாத மண் எப்படி அசுத்தமானது என்று ரூபனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தெரியவில்லை.

டிரெட்ஜ் நேராகக் கெசாயாவிடம் வந்து சொல்லிவிட்டார். அவர் போனபின் அவள் ரூபனைக் கட்டில் பக்கம் கூப்பிட்டாள்.

"கீழ்ப்பக்கம், பாதையோரமா எனக்கு எடம் பாருங்க" என்றாள். "மந்திரிச்ச மண்ணு என் மேல படக்கூடாது. நான் செத்துட்டேன், எனக்கென்ன தெரியப்போவுதுன்னு ஏதாச்சும் பண்ணிடாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

அவர் சத்தியம் செய்தார்.  அவளுக்கு இருமல் வந்து போனது.

"நீங்க எங்க படுப்பீங்க?"

ரூபன் வாயைத் திறந்தார். சிற்றாலயச் சுவரோரம் அவருக்கென்று ஓர் இடத்தைக் கோயில்காரர்கள் என்றைக்கோ ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே படுக்காவிட்டால் எழுந்திருக்க முடியாது என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. உன்னோடுதான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல் வரவில்லை.

அவள் காத்திருந்தாள். பிறகு அவர் கைமேல் தட்டிக் கொடுத்தாள்.

"சரி விடுங்க. ஆறடிப் பாதைதான" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா என்று எட்டிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி முதல் வாரத்தில், அவள் இறந்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே போனாள்.

குழியை அவரே வெட்டினார். உதவிக்கு வந்தவர்களை அனுப்பிவிட்டார். பாதையை ஒட்டி, அந்த முக்கோண மூலைக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில். டிரெட்ஜ் ஆலங்கட்டி மழையில் நாற்பது நிமிஷம் ஜெபித்தார். சாதாரணக் கோட்டில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ரூபன் நின்றார். அடுத்த ஞாயிறும் கோயிலிலிருந்து வந்து சேணக்கடை முக்கில் பழக்கத்தில் நின்றுவிட்டார். கூடத்தார் கலைந்து போய் வெகுநேரம் கழித்துத்தான் யாரும் வரப்போவதில்லை என்று உறைத்தது.

ஏப்ரல் மாதம், ஈஸ்டர் முடிந்த கையோடு, ரூபன் இப்போதைய குருவானவர் பெல்லியின் வீட்டுக்குப் போனார். ரூபனுக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த மூலையில் கிடப்பவர்கள் எழுவார்களா, மாட்டார்களா? எழுவார்கள் என்றால் கெசாயாவும் எழுவாள். அப்புறம் அவர் எங்கே படுத்தாலும் பயமில்லை. இதைத் தெரிந்துகொள்ள, மறைத்து வைத்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குருவானவர் அவித்த முட்டையைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் கோயிலுக்குக் கட்டப்போகும் புதுக் கோபுரத்தின் படம். நன்கொடைப் பட்டியலில் முதல் பெயர் மிஸஸ் ஹானம். ரூபன் நின்றபடியே மழையில் ஆரம்பித்து, ஓக் மரத்தில் திரும்பி, முழுவதையும் சொல்லி முடித்தார். கரண்டி முட்டைமேலேயே நின்றது.

"அந்த மூலையா?" என்றார் பெல்லி. "ஹானம் இருக்கற மூலையா?"

"அவரோட சேத்து முப்பத்தோரு பேருங்க ஐயா."

"யார்கிட்டயாவது சொன்னியா ஹக்கர்?"

"என் வீட்டுக்காரிகிட்ட மட்டும். அவ யார்கிட்டயும் சொல்லல."

குருவானவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஏழைகளின் வீட்டுக்கு நடந்தே போவார், நோய் வந்த வீட்டில் வாசலிலேயே நின்று பேசமாட்டார். ஆனால் கோபுரம் கட்ட வேண்டியிருந்தது.

"இத பாரு. மண்ணுல என்ன இருக்கு?" என்றார் கனிவாக. "பேராயர் மனசுல முழு எடத்தையும் நெனச்சிருப்பார். சுருள்லயும் முழுசாத்தான் எழுதியிருக்கு. தேவன் என்ன அளவுகோலை வெச்சா அளந்துகிட்டு இருக்கார்?"

ரூபனின் நெஞ்சிலிருந்து பெரிய கல் ஒன்று புரண்டது. கண் கலங்கிவிட்டது.

"அப்ப என் கெசாயாவும் எழுந்திருப்பாளாங்க ஐயா?"

"அது வேற விஷயம்."

"எப்படிங்க வேற?"

குழிவெட்டி திருப்பிக் கேள்வி கேட்டு பெல்லிக்குப் பழக்கமில்லை. "அவங்க வேணும்னே வெளிய நின்னவங்க, ஹக்கர்" என்றார்.

"மூலையில கெடக்கறவங்கள நான் வெளிய நிக்க வெச்சேன். அவ தானா நின்னா" என்றார் ரூபன் மெதுவாக. "படுத்தப்பறம் அந்த வித்தியாசம் மண்ணுக்குத் தெரியுமாங்க?"

குருவானவர் முட்டையைப் பார்த்தார். தாம் ஜெபம் செய்வதாகவும், இந்தப் பேச்சு இந்த அறையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

மண்ணில் ஒன்றுமில்லை என்று சொன்ன மனிதர் அதன்பிறகு சரியாகத் தூங்கவில்லை. அந்த மூலையை ஆசீர்வதிக்க மறைமாவட்டப் பேராயரைக் கூப்பிட்டால் மனு எழுத வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், பத்திரிகையில் வரும். மிஸஸ் ஹானம் பத்திரிகை படிப்பாள். நல்லவேளையாக அவருக்கு மைத்துனர் முறையில் ஒரு பேராயர் இருந்தார். ஆப்பிரிக்கக் கரையில் பதினோரு வருஷம் ஊழியம் செய்து, காய்ச்சலோடு ஊர் திரும்பி, இப்போது மீன்பிடிப்பதைத் தவிர வேறு பொறுப்பில்லாதவர். ஹார்ட்கோம் ஆற்றில் மீன் கொழித்துக் கிடக்கிறது என்று பெல்லி அவருக்குக் கடிதம் எழுதினார். மே மாதம் இரண்டாம் வாரம் தூண்டிலோடு வந்து இறங்கினார்.

விடிந்தும் விடியாத வேளையில் அவரும் பெல்லியும் ரூபனும் மேல்வாசலில் கூடினார்கள். பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். பால்காரன் யாராவது வந்துவிடப் போகிறான் என்று குருவானவர் வாசலிலேயே காவலுக்கு நின்றுகொண்டார். தூண்டிலைச் சுவரில் சாத்திவிட்டு, தொடைவரை வரும் மீன்பிடி பூட்ஸோடு பேராயர் உள்ளே வந்தார். கோட்டுப் பையிலிருந்து குருமார் அணியும் தோள்துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டார். வெயிலில் கறுத்த முகம், சிரிக்கும் கண்.

"நீ முன்னாடி நடப்பா. எனக்கு எடம் தெரியாது" என்றார். "புஸ்தகத்துல கண்ணு வெச்சுட்டேன்னா நீ ஆத்துல எறங்கினாலும் பின்னாடியே வந்துருவேன்."

அங்கியும் கோலுமாக ரூபன் ஓக் மரத்தடியிலிருந்து நடக்கத் தொடங்கினார். பின்னால் சங்கீதம் வாசிக்கும் குரலும், ஈரப்புல்லில் பூட்ஸ் சத்தமும். ஹானத்தின் தேவதையைத் தாண்டினார்கள். முன்பு ஊற்று இருந்த இடத்தைத் தாண்டினார்கள். முளை நின்ற முனைக்கு வந்து, பாதையோரம் திரும்ப வேண்டிய இடத்தில் ரூபனின் கால் நின்றுவிட்டது.

எதிரே சரளைப் பாதை. அதற்கு அப்பால் பனிக்குள் கெசாயாவின் மேடு மங்கலாகத் தெரிந்தது. புல் முளைக்க ஆரம்பித்திருந்தது. பத்தடி. பின்னால் வருவது அசல் பேராயர். கண் புத்தகத்தில் இருக்கிறது. வாசலில் நிற்கும் குருவானவருக்கு இந்தப் பனியில் எதுவும் தெரியாது. பாதையைத் தாண்டி அவளை ஒரு வளைவு வளைத்துக்கொண்டு திரும்பினால் போதும். அவளும் உள்ளே வந்துவிடுவாள். பக்கத்தில் தானும் படுத்துக்கொள்ளலாம். எக்காளத்துக்கு இரண்டு பேரும் எழுந்திருக்கலாம். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

அவருக்கு மட்டும் தெரியும். நான் செத்துட்டேன், எனக்கென்ன தெரியப்போவுதுன்னு ஏதாச்சும் பண்ணிடாதீங்க என்றுதானே அவள் சொன்னாள். ஒரு வார்த்தை வெளியே விட்டிருந்தால் ஊரையே ஜெயித்திருக்கக் கூடியவள், இவருக்குக் கொடுத்த வாக்குக்காகப் பத்தொன்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவளுக்குத் தெரியாமல் அவள்மேல் எதை வளைப்பது?

பேராயர் வந்து அவர் முதுகில் இடித்துக்கொண்டார்.

"என்னப்பா நின்னுட்ட? இன்னும் நேராப் போகணுமா?"

"இல்லீங்க ஆண்டகை. எல்லை இதோட முடியுது" என்றார் ரூபன். குரல் உடைந்தது. "அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி இருக்கா. அவளுக்கு இது பிடிக்காதுங்க."

பேராயர் புத்தகத்தைத் தாழ்த்தி, பனிக்குள் அந்த மேட்டைப் பார்த்தார்.

"உனக்கு?"

"எனக்கு ரொம்ப ஆசைங்க."

பேராயர் புத்தகத்தை மறுபடி உயர்த்தினார். ரூபனின் தோளில் கையை வைத்துக்கொண்டே மிச்சத் தூரத்தை நடந்து முடித்தார். அதுவரை வெளியே கிடந்த முப்பத்தொரு பேரும் உள்ளே வந்தார்கள். அந்த மட்டில் ரூபனுக்கு நிம்மதிதான். ஆமென் சொன்ன சத்தம் கேட்டு பெல்லி வாசலிலிருந்து ஓடி வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. ரூபனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிற்றாலயச் சுவரோரம் கிடக்கட்டும், இந்த மூலையிலேயே, ஓக் மரத்தடியிலேயே ரூபனுக்கு ஓர் இடம் எழுதித் தருவதாகச் சொன்னார். ஆலை முதலாளிகளுக்கு நடுவில் ஒரு குழிவெட்டி என்பது ஹார்ட்கோமில் நடக்காத காரியம். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

"வேணாங்க ஐயா" என்றார் ரூபன். "எனக்குக் கீழ்ப்பக்கம் எழுதிடுங்க. கெசாயா பக்கத்துல."

பெல்லியின் கை தளர்ந்தது. "அங்க வந்து உனக்கு நான் ஜெபம் வாசிக்க முடியாது ஹக்கர். சட்டம் எடம் குடுக்காது. அது வெறும் மண்ணு. கடைசி நாளப் பத்தி யோசிச்சுப் பாத்தியா?"

"இத்தன வருஷமா அதத்தாங்க யோசிச்சேன்." ரூபன் அங்கியைக் கழற்றி மடித்து, கோலோடு சேர்த்துக் கல்லறைமேல் வைத்தார். பயம் எங்கேயும் போகவில்லை. "எழுந்திருச்சா அவளோட எழுந்திருக்கேன். இல்லேன்னா அவளோடவே கெடக்கேன். அவ கேட்டா. அன்னைக்கு நான் பதில் சொல்லல."

கொட்டகைக்குப் போய் நாலு முளையும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பாதையைத் தாண்டினார். குருவானவரும் பேராயரும் சரளையின் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு குழிக்கு நடுவே இரண்டடி மண் விட வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அந்த விதியை இருபது வருஷம் அங்குலம் பிசகாமல் காப்பாற்றியவர் ரூபன். கெசாயாவின் மேட்டோரம் மண்டியிட்டு, நடுவில் மண்ணே விடாமல், முதல் முளையை அடித்தார்.